‘நமக்கு நாமே’ என்பதில் ‘நாம்’ யார்?

அந்தப் பூங்காவின் கேட்டில் ஒரு பலகை தொங்குகிறது. ‘பராமரிப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதன் கீழே ஓர் அறக்கட்டளையின் பெயர். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் வரிசையாக. நகராட்சியின் பெயர் கடைசி வரியில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. பெரம்பலூர், அரியலூர் என்ற இரண்டு மாவட்டங்களுக்குள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊர் பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஊர்க்காரர்களின் நல்ல மனசு, கெட்ட மனசு பற்றியதாகிவிடும். நான் பேச வந்தது அரசின் கொள்கையைப் பற்றி.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன்கள் இருவரையும், எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேரையும் அங்கே கூட்டிப்போனேன். கேட்டிலேயே காவலாளி கேட்டார்: “எந்தத் தெரு?” சொன்னேன். உள்ளே போய் ஒருவரை அழைத்து வந்தார். செயலாளர். மரியாதையான மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. “தம்பி, தப்பா நினைக்காதீங்க. இது மெம்பருங்க வீட்டுப் பிள்ளைங்க விளையாடுற நேரம். கூட்டம் சேர்ந்தா எங்களால மெயின்டெயின் பண்ண முடியல. உங்க பக்கமே கிரவுண்டு இருக்குல்ல?”

எங்கள் பக்கம் இருக்கும் ‘கிரவுண்டு’ சுடுகாட்டுக்குப் போகிற வழியில் கிடக்கும் புறம்போக்கு. கருவேல முள்ளை வெட்டிவிட்டுப் பையன்களே உண்டாக்கியது.

யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நம்மூரில் ‘எந்தத் தெரு’ என்ற கேள்விக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அந்த நேரத்தில் உள்ளே நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் தெருப் பெரியம்மா. என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னார்: “ஏன்டா தம்பி அங்க போயி வம்பு பண்ற? எம் பொழப்புல மண்ணப் போட்றாத.” அந்தப் பூங்காவுக்குள் தினமும் நுழைய எங்கள் தெருவில் ஒருவருக்கு உரிமை இருக்கிறது, கையில் துடைப்பம் இருக்கும்வரை.

நகராட்சியில் போய்க் கேட்டேன். “அவங்கதான் பாத்துக்கிறாங்க. எங்ககிட்ட ஆளும் இல்ல, ஃபண்டும் இல்ல” என்றார்கள். கொள்கையின் சாரம் அவ்வளவுதான். அரசு கையை விரிக்கிறது. விரித்த கையில் இருந்ததை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

இதற்கு அழகான பெயர்கள் இருக்கின்றன. ‘மக்கள் பங்களிப்பு’, ‘பங்குதாரர் அமைப்பு’, ‘தத்தெடுப்பு’. பெற்றவர் உயிரோடு இருக்கும்போது பிள்ளையை எதற்குத் தத்துக் கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. 1997இல் தொடங்கி, 2021இல் மறுபடி உயிர்ப்பிக்கப்பட்ட ‘நமக்கு நாமே’ திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். குளம் தூர்வாரவோ, பூங்கா அமைக்கவோ, விளையாட்டுத் திடல் சீரமைக்கவோ மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்களோ நிறுவனங்களோ தொண்டு அமைப்புகளோ தர வேண்டும். மிச்சத்தை அரசு தரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 15 லட்ச ரூபாய்ப் பூங்காவுக்கு 5 லட்சம் கட்ட முடிகிற ‘நாம்’ எந்தத் தெருவில் இருக்கிறோம்?

ஊரகத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று சலுகை உண்டு. அதையும் கணக்குப் போடுவோம். அதே பூங்காவுக்கு 3 லட்சம். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள்கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு 33,600. ஒன்பது குடும்பங்கள் ஒரு வருடம் முழுக்கச் சம்பாதித்ததைச் சாப்பிடாமல், உடுத்தாமல் கொண்டுபோய்க் கட்டினால் எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் ஊஞ்சல் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றில் 31 பேர் பட்டியல் சாதியினர், அரியலூரில் 23 பேர். இவர்கள் எந்த ‘நாமே’யில் சேர்த்தி?

‘கம்பெனிகள் தருமே’ என்பார்கள். அரியலூரைச் சுற்றி சுண்ணாம்புக்கல் தோண்டாத திசை இல்லை. அரசின் டான்செம் தொடங்கி தனியார் ஆலைகள்வரை சிமெண்டுக்குப் பேர்போன மாவட்டம். கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆலையைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. ஆலையைச் சுற்றியுள்ள பகுதியில் ஊரும் இருக்கிறது, காலனியும் இருக்கிறது. இரண்டில் எதற்கு முன்னுரிமை என்று சட்டம் சொல்லவில்லை. அதைத் தீர்மானிப்பது நிறுவனத்தோடு யாருக்குப் பழக்கம், யாருடைய சங்கத்துக்குப் பதிவும் வங்கிக் கணக்கும் லெட்டர்பேடும் இருக்கிறது என்பதுதான். சுரங்க லாரி கிளப்பும் தூசி சாதி பார்க்காமல் எல்லா வீட்டிலும் படிகிறது. பெஞ்சு மட்டும் பார்த்துத்தான் போடப்படுகிறது.

இந்தச் சண்டை புதிதில்லை. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் எதிலும் எந்தச் சாதியாரையும் தடுக்கக் கூடாது என்றது அது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசாணையும் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே இதே மாதிரித் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தார். அதை நம்பித்தான் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகத் நகரின் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். அப்புறம் சாதி இந்துக்கள் நீதிமன்றத்தில் என்ன சொன்னார்கள்? ‘தீண்டத்தகாதவர் குடிக்கக் கூடாது’ என்று மட்டும் சொன்னால் வழக்கு நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். ‘இது பொதுக் குளமே இல்லை, எங்களுக்குச் சொந்தமானது’ என்றார்கள். இல்லை, நகராட்சிக் குளம்தான் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் முடித்துவைக்க 1937 ஆனது. ஒரு மிடறு தண்ணீருக்குப் பத்து ஆண்டு.

தோழர்களே, மகத்தில் அவர்கள் நீதிமன்றத்தில் தோற்ற வாதத்தைத்தான் இன்று நம் நகராட்சிகள் கேட்டில் பலகையாக மாட்ட அனுமதிக்கின்றன. ‘பராமரிப்பது நாங்கள், ஆகவே விதியும் எங்களுடையது.’ அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு இதற்கு இடமே தரவில்லை. அரசு நிதியில் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் இடமானாலும் சரி, பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட இடமானாலும் சரி, சாதியைக் காட்டி யாரையும் தடுக்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் பொது இடத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம். ஆனால் ‘மெம்பர் நேரம்’, ‘கூட்டம்’, ‘மெயின்டனன்ஸ்’ என்ற சொற்களை வைத்து எந்தக் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடுவது? விதி எழுதும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால், சாதியைச் சொல்லாமலே சாதி பார்க்கலாம். அறக்கட்டளையின் கையில் அரசு ஒப்படைத்தது செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை மட்டுமல்ல, இந்த அதிகாரத்தையும்தான்.

“அப்போ பூங்கா பூட்டியே கிடக்கட்டுமா? புதர் மண்டிப் பாம்பு அடையட்டுமா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2016க்குப் பிறகு ஊராட்சிகளில் கட்டிய அம்மா பூங்காக்கள் பல இன்று எப்படிக் கிடக்கின்றன என்று கிராமத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். உடைந்த ஊஞ்சல், திருடுபோன குழாய். உள்ளாட்சி ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்பது உண்மை. அந்த அறக்கட்டளை நட்ட மரங்கள் நிழல் தருகின்றன என்பதும் உண்மை. ஆனால் கட்டிவிட்டுப் பராமரிக்க ஆளும் பணமும் ஒதுக்காதது அரசு எடுத்த முடிவு. அந்த முடிவுக்கு விலையாக எங்கள் பிள்ளைகளின் உரிமையைக் கொடுக்க முடியாது. சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குப் பள்ளியில் கூட்டிப்போனார்கள். 12 கோடி ஆண்டு பழைய, 18 மீட்டர் நீளக் கல்மரம். புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அங்கே என்னை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அரசுக்குச் சாதி இல்லை என்று நான் சொல்லவரவில்லை; 2019 ஏப்ரல் 18 அன்று பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் நொறுக்கப்பட்டதைப் பார்த்த மாவட்டம் இது. ஆனால் அரசை நான் கேள்வி கேட்கலாம், வழக்குப் போடலாம், ஓட்டுப் போட்டு மாற்றலாம். செயலாளரை என்ன செய்வது? அவரை யார் தேர்ந்தெடுத்தது?

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை 1980இல் தொடங்கிய ஒரு தொண்டு அமைப்புதான் நிர்வகிக்கிறது. அந்தப் பூங்காவுக்காக 1857இல் இடிக்கப்பட்ட குடியிருப்புகளில் ஒன்று செனெகா வில்லேஜ், பெரும்பாலும் கறுப்பின மக்கள் சொந்த நிலத்தில் வாழ்ந்த இடம். 2012இல் ஒரே ஒரு பணக்காரர் அந்த அமைப்புக்கு 10 கோடி டாலர் கொடுத்தார். ஏழைகள் வாழும் பகுதிகளின் பூங்காக்களுக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை. கேள்வி எழுந்தது, சண்டை நடந்தது. 2015இல் எட்டுப் பெரிய பூங்கா அமைப்புகள் ஏழைப் பகுதிப் பூங்காக்களுக்கு 1.5 கோடி டாலர் மதிப்பில் உதவ ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. நம்மூரிலும் கேட்டால் நடக்கும். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு ஒரு மணிநேரத்துக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது.

ஆகவே தொண்டு அமைப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான்கு நிபந்தனைகள் கேட்கிறேன்.

முதலாவது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கேட்டில் ஒட்டப்பட வேண்டும். நகரத்தில் பகுதி சபையும், ஊராட்சியில் கிராம சபையும் ஆண்டுதோறும் ஒப்புதல் தந்தால்தான் அது நீளும். இரண்டாவது, திறக்கும் நேரம், நுழைவு, விளையாட்டு, கட்டணம் பற்றிய விதி எதையும் அமைப்பு போடக் கூடாது. அது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் வேலை. மூன்றாவது, மேற்பார்வைக் குழுவில் பாதிப்பேர் பட்டியல் சாதி, பழங்குடி மக்களாக இருக்க வேண்டும். கூட்டுகிற பெரியம்மாவின் சம்பளத்தை நகராட்சி நேரடியாகத் தர வேண்டும். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்ப வேண்டியிருக்காது. நான்காவது, ஒரு பூங்காவை அமைப்பு ஏற்றுக்கொள்வதால் உள்ளாட்சிக்கு மிச்சமாகும் பணம் முதலில் காலனிக்கு வர வேண்டும். பங்குத்தொகை இல்லாமல், முழுக்க அரசுச் செலவில்.

அதுவரை நம் கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். அரசிடமிருந்து கணிசமான உதவி பெறும் தொண்டு அமைப்பும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிலத்தை இலவசமாகத் தருவதும் அப்படிப்பட்ட உதவியாகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. நானும் நகராட்சிக்கு மனுப் போட்டேன். அறக்கட்டளையோடு செய்த ஒப்பந்தத்தின் நகல் கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லை.

எந்தத் தாளும் இல்லாமல்தான் அத்தனை நாள் எங்களைத் தடுத்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு அதே ஐந்து பையன்களோடு போனேன். காவலாளியிடம் அந்தப் பதிலை நீட்டினேன். படித்தார், பலகையைப் பார்த்தார், ஒதுங்கி நின்றார். செயலாளர் வரவில்லை. பெரியவன் சறுக்குமரத்தில் ஏறியதும் மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். பெரியம்மா கூட்டிக்கொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “வேல முடியட்டும்” என்றார். இன்னும் அவர் அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை.

உங்கள் ஊர்ப் பூங்காவின் கேட்டிலும் ஒரு பலகை இருக்கும். போய்ப் படியுங்கள். அடுத்த கிராம சபையில், பகுதி சபையில் எழுந்து நின்று, அதற்கு என்ன ஒப்பந்தம் என்று கேளுங்கள்.