செயற்கைப் புல்லின் ஓரம்: ஒட்டுவதா, வெட்டுவதா?

தலைப்பைப் பார்த்ததும் "ஆறு ஓடுற ஊர்ல இருந்துகிட்டு எழுத வேற விஷயமே கெடைக்கலையா?" என்று கேட்பவர்களே, கொஞ்சம் பொறுங்கள். ஆறும் கடைசியில் வரும்.

திருநெல்வேலி, குற்றாலம் பக்கம் தோட்ட வீடுகளிலும் விடுதிகளிலும் நீச்சல் குளம் இப்போது அதிசயம் இல்லை. குளம் வந்தால் கூடவே சுற்றிலும் பச்சைப் பிளாஸ்டிக் புல்லும் வந்துவிடுகிறது. அதில் முதலில் கெடுவது ஓரம்தான். தண்ணீரை ஒட்டிய விளிம்பு மெல்லத் தூக்கும், சுருளும், இழை இழையாக உதிரும். உடனே ஒரு டப்பா ரப்பர் பசை வாங்கி ஒட்டுவார்கள். சில மாதத்தில் மறுபடியும் தூக்கும். மறுபடியும் பசை.

என்னைக் கேட்டால் அந்த ஓரத்தை ஒட்டவே கூடாது, வெட்ட வேண்டும். ஓரடி பின்னால் தள்ளி வெட்டிவிட்டு, குளத்துக்கும் புல்லுக்கும் நடுவே கல் பதிக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தப் புல்லின் இழை பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதைத் தாங்குவது அடியில் இருக்கும் துணி. அந்தத் துணியில் இழை நழுவாமல் இருக்க லேடெக்ஸோ பாலியூரித்தேனோ பூசியிருப்பார்கள். குளத்து நீரில் இருக்கும் அளவு குளோரின் இழையை அவ்வளவு சுலபமாகக் கெடுத்துவிடாது. கெடுப்பது அடியில் தேங்கும் ஈரம். ஒவ்வொருவர் குளத்திலிருந்து ஏறும்போதும் வழியும் தண்ணீர் விளிம்பின் வழியாகத்தான் உள்ளே போகிறது. பசை பிடிப்பு விடுகிறது. மண் தளமாக இருந்தால் அடி மணலும் அரித்துப் போகிறது. போதாததற்கு நம்மூர் வெயில். உச்சி வெயிலில் பிளாஸ்டிக் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் விரிப்புக்கு, பிடிப்பு விட்ட இடம் ஓரம்தான்.

"அப்படியென்றால் ஆக்கி மைதானத்தில் மட்டும் எப்படி நிற்கிறது?" நல்ல கேள்வி. 1966ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், கூரை போட்ட அரங்கத்துக்குள் நிஜப் புல் பட்டுப்போனதால் விரிக்கப்பட்டுப் பிரபலமானது செயற்கைப் புல். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து ஒலிம்பிக் ஆக்கியும் அதற்கு மாறியது. நமக்குப் பக்கத்தில் கோவில்பட்டியிலேயே அப்படி ஒரு மைதானம் இருக்கிறது. இந்த மாதிரி மைதானங்களில் தண்ணீர் பீய்ச்சி நனைத்தே ஆடுகிறார்கள். ஆனால் அங்கே அடித்தளம் வாட்டம் பார்த்துப் போட்டது. தண்ணீர் நிற்காமல் வடியும். புல்லின் ஓரம் ஆடுகளத்தைத் தாண்டி வெளியே இருக்கும், அங்கே யாரும் ஆடுவதில்லை. வீட்டுக் குளத்தில் இதற்கு நேர் எதிர். ஓரத்தில்தான் எல்லோரும் கால் வைக்கிறோம், அதுவும் ஈரக்காலோடு.

தூக்கிய விளிம்பில் ஒரு குழந்தையின் கால் விரல் மாட்டினால் விழுவது தரையில் அல்ல, தண்ணீரில். அதனால்தான் இதை அழகுப் பிரச்சினையாக என்னால் பார்க்க முடியவில்லை.

வெட்டிச் சரிசெய்வது பெரிய வித்தையும் இல்லை. விரிப்பைப் புரட்டி, பின்பக்கத் துணியில் கோடு போட்டு, தையல் வரிசைக்கு நடுவே கத்தி போக வேண்டும். மேலிருந்து வெட்டினால் இழை வீணாகும். அடித்தளத்தை இரண்டு நாள் நன்றாகக் காயவிட வேண்டும். வாட்டம் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். காலியான இடத்தில் பாலிஷ் போடாத, உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிய கல்லைப் புல்லின் மட்டத்துக்கே பதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பசை: காய்ந்த தரையில், ஈரம் தாங்கும் பாலியூரித்தேன் பசை. ஒட்டுத்துண்டு போடுவதானால் இழை சாயும் திசை ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவும். இல்லாவிட்டால் துண்டு தனியாகத் தெரியும்.

"கல் பதித்தால் செலவு கூடுமே" என்பார்கள். கூடும்தான். ஆனால் அந்தச் செலவு ஒரு தடவை. பசைச் செலவு வருஷா வருஷம்.

இப்போது ஆறு. உதிர்ந்த இழை எங்கே போகிறது? கழுவி விடும் தண்ணீரோடும் மழையோடும் சாக்கடைக்கு. பாளையங்கோட்டை என்றால் அங்கிருந்து பாளையங்கால்வாய்க்கும் போய்ச் சேரலாம். அது பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் பாசனக் கால்வாய், வயலுக்குப் போகும் தண்ணீர். பிளாஸ்டிக் இழை மக்காது, பொடிப்பொடியாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் போட்ட விதிப்படி, செயற்கைப் புல் மைதானங்களில் தூவும் பிளாஸ்டிக் துகள்களின் விற்பனை 2031 அக்டோபரோடு நிற்கப்போகிறது. நாம் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரப்பர் துகளுக்குப் பதில் மணல் தூவலாம். உதிரும் ஓரத்தை உதிர விடாமல் இருக்கலாம்.

ஈரத்தில் பாய் விரிக்கக் கூடாது என்று நம் வீட்டு ஆச்சிகளுக்குத் தெரியும். தாமிரபரணிக் கரையில் தண்ணீரைத் தொடும் இடத்தில் இருப்பது இரண்டுதான். ஒன்று கோரை, அதற்கு வேர் இருக்கிறது. இன்னொன்று படித்துறைக் கல், அதற்குக் கனம் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய குறுக்குத்துறை முருகன் கோயில், தண்ணீர் வடிந்த பிறகும் ஆற்றுக்குள் நின்றது. அதுவும் கல் கட்டடம்.

பிளாஸ்டிக் புல்லுக்கு வேரும் இல்லை, கனமும் இல்லை. ஆசைப்பட்டால் விரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. தண்ணீரிலிருந்து ஓரடி தள்ளி விரியுங்கள்.