பி.காம். சேர்ப்பதா? பி.பி.ஏ. சேர்ப்பதா?
பட்டத்தின் வாலைப் பார்த்து மயங்காதீர்கள்!

பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்ததும் பல வீடுகளில் தூக்கம் போய்விடுகிறது. "பையன் காமர்ஸ் குரூப் படித்தான். இனி எதில் சேர்ப்பது?" என்று தகப்பனார் நாலு பேரைக் கேட்கிறார். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்லுகிறார்கள்.

"பி.காம். போடுங்கள். கணக்குப் படித்தவன் சோற்றுக்குக் கஷ்டப்பட மாட்டான்" என்கிறார் ஒருவர்.

"அது பழைய படிப்பு ஐயா! பி.பி.ஏ. போடுங்கள். மானேஜர் ஆகிவிடலாம்" என்கிறார் இன்னொருவர்.

சரி, காலேஜிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று அங்கே போனால், குழப்பம் இரட்டிப்பாகிறது. வெறும் பி.காம். என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், பி.காம். அக்கவுண்டிங் அண்டு பைனான்ஸ், பி.காம். பாங்க் மானேஜ்மெண்டு, பி.காம். மார்க்கெட்டிங் மானேஜ்மெண்டு! அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாலைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று வருஷம் கழித்துப் பிள்ளை எந்த வாசலுக்குள் நுழைய வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வாசலில் எந்தப் பட்டத்தைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு காலேஜுக்குப் போங்கள்.

பெட்டியடியில் படித்த படிப்பு

வியாபாரப் படிப்பு நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில், சின்னப் பையன்களைக் கப்பலேற்றி அனுப்புவார்கள். போனவுடன் பையனுக்கு வேலை, பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவது. "பெட்டியடிப் பையன்" என்று பெயர். தேறினால் "அடுத்தாள்" ஆவான். இன்னும் தேறினால் "மேலாள்". அவனை நம்பித்தான் கடையையே ஒப்படைப்பார்கள். கணக்கு மூன்று வருஷம். அது முடிந்ததும் ஊருக்குத் திரும்பி முதலாளியிடம் பேரேட்டை ஒப்புவிக்க வேண்டும்.

இன்றைக்குப் பட்டப் படிப்பும் மூன்று வருஷந்தான். ஆனால் ஒரு வித்தியாசம். பெட்டியடிப் பையனுக்குத் தான் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியும். காலேஜுப் பையனுக்குப் பல சமயம் தெரிவதில்லை.

வியாபாரப் படிப்புக்கென்றே காலேஜ் என்பது பிறகு வந்தது. பம்பாயில் 1913-ல் ஸிடன்ஹாம் காலேஜ் ஆரம்பமாயிற்று. அந்த வழியில் வந்ததுதான் இன்று ஊருக்கு ஊர் இருக்கும் பி.காம்.

உள்ளே என்ன இருக்கிறது?

சென்னைப் பல்கலைக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். பி.காம். ஆனாலும் பி.பி.ஏ. ஆனாலும் மூன்று வருஷம், ஆறு செமஸ்டர். முதற்பகுதி தமிழ் அல்லது வேறு மொழி. இரண்டாவது ஆங்கிலம். மூன்றாவதுதான் முக்கிய பாடமும் துணைப் பாடமும். பிறகு சுற்றுச்சூழல், சமூகத் தொண்டு என்று சில சில்லறைப் பாடங்கள். எல்லாம் சேர்ந்து 140 கிரெடிட். கிரெடிட் என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் இவ்வளவு எடை என்று போடும் புள்ளி.

பி.காம். படித்தால் கணக்குப் பதிவு, அடக்கவிலைக் கணக்கு, தணிக்கை, வருமான வரி, கம்பெனிச் சட்டம் ஆகியவை வரும். கம்பெனிச் சட்டம் என்றால் 1956-ஆம் வருஷச் சட்டம் அல்ல. அதன் இடத்துக்கு வந்த 2013-ஆம் வருஷச் சட்டம். அண்ணன் படித்த பழைய புத்தகத்தைத் தம்பிக்குக் கொடுத்து அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். 2017 ஜூலையில் வந்த வரி அது. அதற்கு முந்திய புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

வால் உள்ள பி.காம்.களில் என்ன வித்தியாசம்? பெரும்பாலான பாடங்கள் ஒன்றேதான். சில பாடங்கள் மட்டும் மாறும். கம்ப்யூட்டர் வால் என்றால் சில கம்ப்யூட்டர் பாடங்கள், பாங்க் வால் என்றால் சில பாங்குப் பாடங்கள். இது தெரியாமல், "பாங்க் மானேஜ்மெண்டு படித்தால்தான் பாங்கு வேலை" என்று நினைத்துச் சேருகிறார்கள். பாவம்! பாங்கு குமாஸ்தா வேலைக்கும் ஆபீசர் வேலைக்கும் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். தமிழ் இலக்கியம் படித்தவரும் அந்தப் பரீட்சை எழுதலாம்.

பி.பி.ஏ. வேறு ஜாதி. அதில் கணக்குப் பாடம் குறைவு. ஆட்களை வைத்து வேலை வாங்குவது, சரக்கை விற்பது, கம்பெனியை நடத்துவது இவையே அதிகம். நல்ல படிப்புதான். கடையோ பட்டறையோ சொந்தமாக உள்ள வீட்டுப் பிள்ளைக்கு உதவும். பேச்சுத்திறமை உள்ள பிள்ளைக்கும் உதவும். ஆனால் "பி.பி.ஏ. படித்தால்தான் எம்.பி.ஏ. படிக்கலாம்" என்று சொல்லி ஆள் சேர்க்கிறார்களே, அது சரியல்ல. தமிழ்நாட்டு எம்.பி.ஏ.வுக்கான டான்செட் பரீட்சை ஆகட்டும், ஐ.ஐ.எம். காலேஜுகளுக்கான கேட் பரீட்சை ஆகட்டும், எந்தப் பட்டதாரியும் எழுதலாம். மார்க்கு மட்டும் குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும்.

பி.பி.ஏ. சேருகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2024-25 முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் கீழ் வந்துவிட்டன. அதைத்தான் ஏ.ஐ.சி.டி.இ. என்கிறார்கள். "உங்கள் பி.பி.ஏ.வுக்கு அந்த அங்கீகாரம் உண்டா?" என்று கேளுங்கள். பி.காம்.முக்கு இந்தக் கேள்வி வேண்டியதில்லை.

எந்த வாசல், எந்தப் பட்டம்?

பிள்ளை ஆடிட்டர் ஆக வேண்டுமா? அப்படியானால் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே இல்லை. பிளஸ்-2 முடித்ததுமே சி.ஏ. பவுண்டேஷன் பரீட்சைக்குப் போகலாம். பி.காம். படித்துக்கொண்டே அதையும் எழுதுகிறவர்கள் உண்டு. பட்டம் வாங்கிவிட்டுப் போனால் பவுண்டேஷன் எழுத வேண்டாம். ஆனால் காமர்ஸ் பட்டதாரிக்கு 55 சதவீத மார்க்கு வேண்டும். மற்றப் பட்டதாரிகளுக்கு 60 சதவீதம். இந்த ஐந்து சதவீத வித்தியாசம் பலருக்குத் தெரியாது. முன்பு ஆடிட்டரிடம் மூன்று வருஷம் பயிற்சி பெற வேண்டும். 2023-ல் வந்த புதிய திட்டத்தில் அது இரண்டு வருஷமாகக் குறைந்தது.

வாத்தியார் ஆக வேண்டுமா? மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராக எம்.காம்.மும் பி.எட்.டும் வேண்டும். எம்.காம்.முக்கு நேர் வழி பி.காம்.தான்.

அரசாங்க வேலையா? குரூப்-2 போன்ற பரீட்சைகளில் பல பதவிகளுக்கு எந்தப் பட்டமும் போதும். ஆனால் சில வேலைகளுக்கு இன்ன பட்டம் என்று குறிப்பிட்டுக் கேட்பார்கள். அங்கேதான் வால் காலைச் சுற்றுகிறது! "பி.காம்." என்று விளம்பரத்தில் இருக்கும். உங்கள் பிள்ளையின் சான்றிதழிலோ பெயருக்குப் பின்னால் நாலு வார்த்தை கூடுதலாக இருக்கும். இந்தப் பட்டமும் அந்தப் பட்டமும் சமம் என்று அரசாணை இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டும். இருந்தால் பிழைத்தான். இல்லாவிட்டால், வரிசையில் முதலில் நின்றவன் வெளியே நிற்பான். படித்ததென்னவோ முக்கால்வாசி ஒரே பாடம்!

வெறும் பி.காம். பழைய படிப்பு என்று ஏளனம் செய்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எந்த வாசலுக்குப் போவது என்று இன்னும் முடிவு செய்யாத பிள்ளைக்கு, வாலில்லாத பி.காம்.தான் நல்லது என்பது என் அபிப்பிராயம். அதிகமான கதவுகளைத் திறக்கும் சாவி அதுதான். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவதைத் தனியாகச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். அதற்காகப் பட்டத்தின் பெயரையே மாற்ற வேண்டியதில்லை.

பெண் பிள்ளைக்கா?

"பெண் பிள்ளைக்கு ஏன் வரவு செலவுப் படிப்பு?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் சொல்லுகிறேன்: ஆர். சிவபோகம். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். வெளியே வந்து கணக்குத் தணிக்கைப் படிப்புப் படித்தார். 1933-ல் தேறினார். இந்தியாவில் முதல் பெண் தணிக்கையாளர் அவர்தான். பின்னால் 1955 முதல் 1958 வரை, ஆடிட்டர்கள் சங்கத்தின் தென்னிந்தியக் கிளைக்கே தலைவராக இருந்தார். வீட்டுச் செலவை அஞ்சறைப் பெட்டியில் காசு வைத்துச் சமாளிக்கிற தாய்மார்களுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பவா முடிகிறது?

தடுக்கி விழுகிற இடம்

கிராமத்திலிருந்து, தமிழில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் பி.காம்.மில் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? கணக்கில் அல்ல. ஆங்கிலத்தில்.

பிளஸ்-2 வரை பற்று, வரவு என்று படித்தான். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு, தேய்மானம் எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காலேஜுக்குப் போனதும் டெபிட், கிரெடிட், ஜர்னல், லெட்ஜர், டிரையல் பாலன்ஸ், பாலன்ஸ் ஷீட், டிப்ரிஸியேஷன் என்கிறார்கள். தனக்குத் தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடுகிறது. வகுப்பில் கேட்க வெட்கம். முதல் செமஸ்டரிலேயே இரண்டு பாடம் அரியர்!

இதற்கு வழி இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல். பிளஸ்-2 கணக்குப்பதிவியல் புத்தகம் தமிழிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முடிவு வருவதற்கும் காலேஜ் திறப்பதற்கும் நடுவே உள்ள நாட்களில் எழுதி முடித்துவிடலாம். நூறு சொல் தெரிந்தால் முதல் செமஸ்டர் தாண்டிவிடலாம். சில காலேஜுகளில் தமிழிலேயே பி.காம். நடக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் பரீட்சையைத் தாய்மொழியில் எழுத விடுங்கள் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2023-ல் பல்கலைக் கழகங்களைக் கேட்டுக்கொண்டது. சேரும்போதே இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மார்க்கு விவரமும் தெரிந்திருக்கட்டும். பல்கலைக் கழகமே பரீட்சை வைக்கும் காலேஜுகளில் பாடத்துக்கு 100 மார்க்கு. அதில் 25 மார்க்கு காலேஜிலேயே போடுவார்கள். மீதி 75-க்குப் பரீட்சை. அந்த 75-ல் குறைந்தது 30 வாங்க வேண்டும்; மொத்தத்தில் 40 வர வேண்டும். உள்ளே 25-க்கு 25 வாங்கியவனும், பரீட்சையில் 29 வாங்கினால் பெயில்தான்! தன்னாட்சிக் காலேஜுகளில் இந்தக் கணக்கு வேறாக இருக்கும். பாடத்திட்டத்தையும் அவர்களே வகுத்துக்கொள்கிறார்கள். பட்டம் மட்டும் பல்கலைக் கழகம் கொடுப்பது.

இடம் பிடிப்பது

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு எல்லாம் சேர்த்து இணையத்தில் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம். 2025-ல் விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் வாங்கினார்கள். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டுமே. பி.காம்., பி.பி.ஏ. இடங்களுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. தமிழ், ஆங்கிலம் நீங்கலாக மற்ற நாலு பாடங்களின் மார்க்கை 400-க்குக் கூட்டித் தரவரிசை போடுகிறார்கள்.

வெளி மாநிலம் போகிறவர்களுக்கு வழி வேறு. டெல்லிப் பல்கலைக் கழகத்தில் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இந்தூர் ஐ.ஐ.எம்.மில் பிளஸ்-2 முடித்தவர்களுக்கென்றே ஐந்து வருஷப் படிப்பு 2011-லிருந்து நடக்கிறது. செலவு பெரிது, நுழைவுத் தேர்வும் கடினம்.

உதவி பெறும் தனியார் காலேஜுகளில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஒரே கட்டிடம், ஒரே பட்டம். ஆனால் அரசாங்க உதவி பெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு ஒன்று. கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வால் நீண்ட பி.காம்.கள் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கின்றன. புதுப் பெயர் போட்டால் புதுப் பிரிவு. புதுப் பிரிவு என்றால் புதுக் கட்டணம். பிள்ளைக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால்தானே?

இதற்குப் பல்கலைக் கழகமும் அரசாங்கமும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு காலேஜ் வாசலிலும் ஒரு போர்டு வைக்கச் சொல்ல வேண்டும். "இந்தப் பட்டம் இன்ன பட்டத்துக்குச் சமம். அரசாணை எண் இது. இதைப் படித்தவர் இன்ன மேல்படிப்புக்குப் போகலாம், இன்னதற்குப் போக முடியாது" என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். ரேஷன் கடையில் அரிசி இருப்பு எவ்வளவு என்று போர்டு வைக்கிறோம். மூன்று வருஷத்தையும் வீட்டுச் சேமிப்பையும் வாங்கிக்கொள்கிற இடத்தில் ஒரு போர்டு வைக்கக் கூடாதா?

போர்டு வரும்வரை வாயால் கேட்க வேண்டியதுதான். "இத்தனை கேள்வி கேட்டால் இடம் கொடுக்க மாட்டார்களே!" என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். அரசுக் கல்லூரியில் இடம் கொடுப்பது தரவரிசைப் பட்டியல். கேள்வி கேட்டவர் பிள்ளை என்று யாரும் பெயரை அடித்துவிட முடியாது. சுயநிதிக் காலேஜிலோ, உங்களிடமிருந்து பணம் வர வேண்டியிருக்கிறது. பணம் கட்டும்வரை பொறுமையாகப் பதில் சொல்லுவார்கள். அதற்குள் கேட்டுவிடுங்கள்.