மழை பெய்த பிறகும் காட்டு மரம் காய்வது ஏன்?

கேள்வி: 'எங்கள் ஊர் சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. நாலு ஏக்கரில் ராகி, மக்காச்சோளம், கொஞ்சம் வாழை. போன வருஷம் மழைக்குக் குறைவில்லை. ஆனாலும் காட்டோரத்தில் சில பெரிய மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே வருகின்றன. இது நோயா, வறட்சியா? கோடையில் புல்லுக்குத் தீ வைத்தால் புதுப்புல் வரும், மாட்டுக்கு ஆகும் என்று ஊரில் சொல்கிறார்கள். வைக்கலாமா?'
- ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்.

பதில்: முதலில் அந்த மரங்கள் செத்துவிட்டனவா, உறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். மலையடிவாரத்தில் இருப்பது இலையுதிர் காடு. தேக்கு, வெக்காலி, கருமருது, வேங்கை எல்லாம் மாசி, பங்குனியில் இலையைக் கொட்டி நிற்பது இயற்கை. தண்ணீரைச் சேமிக்க அவை கையாளும் வழி அது. நகத்தாலோ கத்தி முனையாலோ ஒரு சிறு கிளையின் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. சித்திரை, வைகாசி மழைக்குப் பிறகும் துளிர் வராமல், உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கிளை கிளையாகக் காய்ந்தால் அது வறட்சி விட்டுச் சென்ற காயமாக இருக்கலாம்.

தாகத்தில் மரம் என்ன ஆகிறது?

மரத்துக்குள் வேரிலிருந்து இலை வரை தண்ணீர் ஏறும் நுண்குழாய்கள் உண்டு. மேலே இலை நீரை ஆவியாக விட, கீழிருந்து நீர் இழுபட்டு ஏறுகிறது. மண்ணில் ஈரம் வற்றினால் இழுவை அதிகமாகி, குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்துவிடும். மோட்டார் குழாயில் காற்றுப் புகுந்தால் தண்ணீர் ஏறாதே, அதே கதைதான். அடைபட்ட குழாய்கள் அதிகமானால் உச்சிக் கிளைகள் முதலில் காயும்.

இதைத் தவிர்க்க மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் நீர் மிஞ்சும். ஆனால் காற்று உள்ளே போகாததால் உணவு தயாரிப்பும் நின்றுவிடும். வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்றே மரம் காலம் தள்ளும். கையிருப்பு தீர்ந்த மரம், மழை வந்தாலும் எழ முடியாமல் போகலாம். அதனால்தான் வறட்சி ஆண்டில் தப்பிய மரம், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து நல்ல மழைக்குப் பிறகும் சாகிறது. போன வருஷ மழையை மட்டும் வைத்துக் காரணம் தேடினால் பிடிபடாது.

2016-ல் நடந்தது நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 440 மி.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் சுமார் 168 மி.மீ.தான் பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. வயலில் பட்ட அடி அந்தப் பருவத்திலேயே தெரிந்தது. காட்டில் அது மெதுவாகத்தான் வெளியே வரும்.

வெப்பமும் இதில் கூட்டு. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அதாவது, அந்த அளவுக்குத் தாகமெடுத்த காற்று இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் நீரை உறிஞ்சும். பழைய அளவு மழையே பெய்தாலும் மரத்துக்குப் பழைய அளவு ஈரம் மிஞ்சாது.

நோயா என்று கேட்டிருந்தீர்கள். பலவீனமான மரத்தைத்தான் துளைப்பான்கள் தேடி வரும். நீர்ச்சத்து உள்ள மரம் பிசினையும் பாலையும் சுரந்து பூச்சியை வெளியே தள்ளிவிடும். வாடிய மரத்தால் முடியாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியிலும், அதோடு சேர்ந்த பட்டை வண்டுத் தாக்குதலிலும் 10 கோடிக்கும் அதிகமான மரங்கள் செத்தன. தண்டில் துளையும் மரத்தூளும் கண்டால் பூச்சி இருப்பது உறுதி. ஆனால் பல நேரங்களில் வாசலைத் திறந்துவிட்டது வறட்சியாக இருக்கும்.

தீ வைக்கலாமா?

கூடாது. தீக்குப் பிறகு புல் துளிர்ப்பது உண்மைதான். அந்தத் தீயில் போவது எது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முழங்கால் உயரக் கன்றுகள் கருகிவிடும். பெரிய மரம் தப்பினாலும், அதன் இடத்துக்கு வர வேண்டிய அடுத்த தலைமுறை அழிந்துவிடும். சருகு எரிந்த மண் மழைநீரைக் குடிக்காமல் ஓடவிடும். மலைச்சரிவில் உறிஞ்சப்பட வேண்டிய நீர்தான் அடிவாரக் கிணற்றுக்கும் ஓடைக்கும் ஊற்று.

'பெரியவர்கள் காலத்தில் வைத்தார்களே?' என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், காய்ச்சல் ஏறுமுன் பருவத் தொடக்கத்திலேயே சருகுக்கு மட்டும் லேசாகத் தீ வைப்பதை வழக்கமாக வைத்திருந்தார்கள். 1974-ல் அந்த மலை சரணாலயமான பிறகு அது நின்றது. அதன்பின் உண்ணிச்செடியும் புல்லுருவியும் பெருகியதாக அவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களும் அதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். ஆனால் அன்றைய காடு வேறு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்கு வந்த உண்ணிச்செடி இன்று ஆள் உயரத்துக்குப் புதராக நிற்கிறது. தரையில் ஓடும் தீ அதில் ஏறி மரக்கிளையைத் தொட்டுவிடும். பங்குனி வெயிலில், காற்று வீசும் நேரத்தில் வைத்த தீயை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் உயிரிழந்ததை மறக்கக் கூடாது. காப்புக்காட்டில் தீ வைப்பது சட்டப்படி குற்றமும்கூட.

காடு நலிந்தால் யானை ஊருக்குள் வருவதும் கூடும். உண்ணிச்செடி மூடிய இடத்தில் புல் முளைக்காது. குட்டைகளும் வற்றினால் ராகியும் வாழையும் அதற்குத் தீனி.

அடிவார விவசாயி செய்யக் கூடியவை

1. தை மாதமே நிலத்தின் காட்டோர எல்லையில் 10 அடி அகலத்துக்குக் காய்ந்த புல்லைச் செதுக்கி, மண் தெரிய விடுங்கள். தட்டை, கரும்புச் சோகையை எரிக்காமல் மூடாக்கு போடுங்கள்.

2. மாட்டுக்குக் காட்டை நம்பாமல், புரட்டாசி மழையில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் கலந்து விதையுங்கள். மானாவாரியிலேயே வரும். வரப்பில் சவுண்டல் வைத்தால் கோடைக்குத் தழை கிடைக்கும்.

3. வரப்பில் ஒரே மரமாக வைக்க வேண்டாம். வேம்பு, புங்கன், வேங்கை, நாவல் என்று கலந்து வையுங்கள். ஒன்றை வறட்சி தாக்கினால் மற்றது நிற்கும். நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று பெற உழவன் செயலியில் பதியலாம். உதவி வேளாண்மை அலுவலரிடமும் விசாரிக்கலாம்.

4. காட்டை ஒட்டிய வயலில் மஞ்சள், மிளகாய் போன்ற, யானை அவ்வளவாக விரும்பாத பயிர்களை வையுங்கள். வாழையை வீட்டுப் பக்கம் தள்ளுங்கள்.

5. காட்டில் புகை கண்டால் தாமதிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்திய வன அளவைத் துறை, செயற்கைக்கோள் கண்டறியும் தீயைப் பற்றிய எச்சரிக்கையைப் பதிவு செய்தவர்களின் கைப்பேசிக்கு அனுப்புகிறது. ஊருக்கு ஓர் இளைஞராவது பதிந்து வைப்பது நல்லது.

காப்புக்காட்டுக்குள் இருக்கும் காய்ந்த மரத்தை வெட்டவோ உண்ணிச்செடியை அகற்றவோ நீங்களாக இறங்க வேண்டாம். வனச்சரகரிடம் மனு கொடுத்து, கிராமமே சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: 'வீட்டு வேப்பமரங்கள் நெருப்புப் பட்டதுபோல நுனி கருகி நிற்கின்றன. வெட்டிவிடலாமா?'
- ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: வெட்ட வேண்டாம். தேயிலைக் கொசுவும் நுனிக்கருகல் பூஞ்சாணமும் சேர்ந்து செய்யும் வேலை இது. மழைக்காலத்தையும் அதையடுத்த பனியையும் ஒட்டி அதிகம் தெரியும். மேலே சொன்னபடி பட்டையைக் கீறிப் பாருங்கள். பச்சை இருந்தால் பெரும்பாலும் கோடைத் துளிரில் மரம் மீண்டுவிடும். கருகிய நுனிகளை மட்டும் வெட்டி அப்புறப்படுத்தி, வேர்ப்பகுதியில் மூடாக்கு போட்டு, மாதம் இரண்டு முறை தண்ணீர் விட்டால் போதும்.