பெயர்ப் பட்டியல் வேண்டாம், ஒரு பாட்டு போதும்

பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்தில் நான் எடுத்த பாடங்களில் ஒன்று தமிழ் இலக்கிய அறிமுகம். 14 வாரங்களில் சங்க காலத்தில் தொடங்கிப் புதுக்கவிதை வரை வந்துவிட்டோம். எட்டுத்தொகை நூல்களின் பெயர்களை வரிசை தப்பாமல் தேர்வில் எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால், அந்த எட்டு நூல்களில் ஒன்றிலிருந்தாவது ஒரு பாட்டை முழுமையாகப் படித்தேனா என்றால், இல்லை.

எஸ்பிஎம் தேர்வில் தமிழ் இலக்கியத்தை ஆசையோடு எடுத்த என் தோழி, அந்தப் பருவத்தோடு இலக்கியத்தை விட்டுவிட்டாள். "இது இலக்கியமா, வரலாற்றுப் பாடமா?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அறிமுகப் பாடத்தைத் திட்டமிடும் விரிவுரையாளர்களுக்கு ஒரு மாணவியின் வேண்டுகோள் இது: நூல்களைக் குறையுங்கள், வகுப்பில் சேர்ந்து படிக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

தொடக்கம் நம் மண்ணாக இருக்கட்டும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை விடுமுறையில் நானாகத்தான் படித்தேன். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களின் கதை அது. படித்து முடித்ததும் பாட்டியிடம் கேட்டேன். தன் தாய்மாமன் ஒருவர் அப்படிப் போய்த் திரும்பவே இல்லை என்று தன் அம்மா சொல்லி அழுததைச் சொன்னார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பேசாத செய்தியை ஒரு நாவல் பேச வைத்தது.

இப்படி ஒரு நாவலைச் சில வாரங்கள் படித்தபின் குறுந்தொகைக்குப் போகலாம். அதன் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகள்தாம். வகுப்புக்கு ஒரு பாட்டு. பேசுவது யார், யாரிடம், ஏன் என்று கேட்டுக் கேட்டுப் படிக்கலாம். பிரிந்துபோனவனுக்காகக் காத்திருப்பவளின் குரல் அப்போது நமக்கு அந்நியமாகத் தெரியாது.

"இலக்கிய வரலாறு தெரிய வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும்தான். அதை ஒரே தாளில் கொடுத்துவிட்டால் வீட்டிலேயே படித்துக்கொள்வோம். பழம்பாட்டைப் புரிந்துகொள்ளத்தான் எங்களுக்கு ஆசிரியரின் துணை தேவை. தேர்விலும் பெயர்களைக் கேட்காமல், நாங்கள் முன்பு பார்க்காத ஒரு பாட்டைக் கொடுத்து விளக்கச் சொல்லுங்கள். திருத்துவது சிரமம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எட்டுப் பெயர்களில் மூன்று எனக்கு இப்போதே மறந்துவிட்டன. பாட்டி சொன்னது மறக்கவில்லை.