அரசாங்க உத்தியோகமும் அநுமதிப்பத்திரமும்

நம் கல்லூரிப் பழைய மாணவருள் அரசாங்க சேவையிற் புகுந்த பொறியியலாளரும் நில அளவையாளரும் உளர். அவர்கள் மனம் நோகக்கூடும் என்று அறிந்தே இதனை எழுதுகின்றோம். தனியாராகத் தொழில் புரிவோர்க்குப் பதிவும் அநுமதிப்பத்திரமும் வேண்டும், அரசாங்கத்தார்க்கு அவை வேண்டா என்னும் விதிவிலக்கு உலகிற் பலவிடத்தும் உண்டு. கலிபோர்னியாவில் மத்திய அரசாங்கப் பொறியியலாளர் இன்றும் அதனை அநுபவிக்கின்றனர். இது தகாது என்பதே எமது கருத்து.

திணைக்களம் தகுதி பார்த்தே ஆளெடுக்கின்றது, மேலதிகாரி வேலையைப் பார்வையிடுகின்றார், பின் எதற்கு இன்னொரு பத்திரம் என்பர். அம்மேலதிகாரியே தவறினால்?

1917ஆம் ஆண்டின் கலிபோர்னியச் சட்டம் அணைகளை மாநில மேற்பார்வையின்கீழ்க் கொணர்ந்தது. ஆயினும் சொந்தப் பொறியியற் பகுதியுடைய நகரசபைகளை விலக்கியது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நீர்ப்பகுதித் தலைவர் வில்லியம் முல்ஹோலண்ட் பட்டம் பெறாது அநுபவத்தால் உயர்ந்தவர். பெரும் புகழ் பெற்றவர். அவர் கட்டிய சென் பிரான்சிஸ் அணையிற் புதிய கசிவு கண்டு காவலாளி அறிவிக்க, 1928 மார்ச் 12ஆந் திகதி காலை நேரிற் சென்று பார்த்து, அபாயமில்லை என்று திரும்பினார். அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் அணை உடைந்தது. நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே நகரசபை அணைகளும் மாநில மேற்பார்வைக்குட்பட்டன. சிவில் பொறியியலாளர் பதிவுச் சட்டமும் பிறந்தது.

குளங்களை நம்பி வாழும் செட்டிகுளத்தார்க்கு இது தூரதேசத்துக் கதையன்று. 1986 ஏப்ரல் 20ஆந் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பாவற்குளக் கட்டின் கீழ் உறங்குவோர்க்கு, அதனைச் சோதித்தவர் எவரிடம் சம்பளம் பெறுகின்றார் என்பதா பெரிது? போரில் இடம்பெயர்ந்து மீண்டு, எல்லைக்கல்லும் உறுதியும் இழந்து நிற்பவர்க்கும் அளவையாளர் வரையும் கோடே கதி.

இலங்கையில் 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் நில அளவைப் பேரவையையும், 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் பொறியியற் பேரவையையும் தோற்றுவித்தன. அரசாங்க உத்தியோகத்தர் இவற்றைத் தளையென்று கருதற்க. மேலிடத்தார் அவசரப்படுத்தும்போது, "இதிற் கையொப்பமிட்டால் என் பதிவு போய்விடும், ஐயா" என்று மறுக்க இளம் உத்தியோகத்தனுக்கு வேறு என்ன துணை உண்டு?

ஒரு சங்கடத்தை மறைக்க மாட்டோம். வன்னிக்கு உத்தியோகத்தர் வருவதே அரிது. வந்தோரும் இடமாற்றக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பர். விதியை ஒரே நாளில் இறுக்கினால் நம் கந்தோர்களே முதலில் வெறுமையாகும். ஆதலின் புதிதாய்ச் சேர்வோர்க்கு ஐந்தாண்டுத் தவணை கொடுத்து, அதுவரை பதிவு பெற்ற ஒருவரின் கையொப்பமும் உடன் வேண்டும் என விதித்து, பதிவுக் கட்டணத்தைத் திணைக்களமே செலுத்தட்டும்.