உலகப் பெரியோர் வரிசையில் நெசவாளர்

உலக சரித்திரத்தில் புகழ் பெற்றவர்கள் யாவர் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், அலெக்சாந்தர், ஜூலியஸ் சீசர், நெப்போலியன் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். நாடு பிடித்தவர்களும் கோட்டை கட்டியவர்களும் ஏடுகளில் முதலிடம் பெறுவது வழக்கமாகிவிட்டது. திருவண்ணாமலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் நாமும் கிருஷ்ணதேவராயரை நினைக்கிறோமேயன்றி, கல் சுமந்தவர்களை நினைப்பதில்லை. அதில் நம்மேல் குற்றமில்லை. அவர்கள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயின், பெயரும் ஆண்டும் செய்த காரியமும் தெளிவாகக் கிடைத்திருந்தும், தறியில் அமர்ந்த ஏழைகள் என்பதனாலேயே அவ்வரிசையில் சேராமற் போனவர்கள் உண்டு. அவர்கள் தேடி வைத்த பயனைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினராகிய நாம் நாள்தோறும் அனுபவித்து வருகிறோம். அவர்கள் செய்தது இன்னதென்று அறியாதிருப்பதனால் நாம் இழப்பது பெரிது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ளது ராச்டேல் என்னும் ஊர். கம்பளித் துணி நெசவுக்குப் பேர் போனது. இயந்திரத் தறிகள் பெருகப் பெருகக் கைத்தறிக்காரரின் கூலி தேய்ந்தது. கூலி உயர்வு வேண்டிப் போராடியும் பயன் கிட்டவில்லை. கிடைத்த அற்பக் கூலியும் கடைக்காரரிடம் சென்றது. மாவிலே கலப்படம், எடையிலே குறைவு. பழைய கடன் நிலுவையில் இருந்தமையால் ஏனென்று கேட்கவும் வாயில்லை. இந்நிலையில் 1844ஆம் ஆண்டில் 28 பேர் ஒன்று கூடினர். அவர்களுள் நெசவாளர் பலர். பிற தொழிலாளர் சிலர். வாரந்தோறும் சில காசுகளைச் சேமித்து, ஆளுக்கு ஒரு பவுன் வீதம் 28 பவுன் முதல் திரட்டினர். அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் மாலை, டோடு லேன் என்னும் தெருவில் சிறு கடை ஒன்றைத் திறந்தனர். அன்று அங்கிருந்த சரக்கு சிறிது வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள் ஆகியவையே. தெருச் சிறுவர்கள் எள்ளி நகையாடினர் என்பர்.

கடை திறந்தவர்கள் உலகில் எத்தனையோ பேர். ராச்டேல் நெசவாளரின் பெருமை கடையில் இல்லை. அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளில் இருக்கிறது. அவ்விதிகளை அமைப்பதில் முன்னின்றவர் சார்லஸ் ஹோவார்த். ஒரு பங்கு உடையவர்க்கும் பல பங்கு உடையவர்க்கும் ஒரே வாக்குத்தான். ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கும் உண்டு. அந்நாட்டுப் பெண்கள் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1918 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். சரக்கு கலப்பின்றியும் எடை குறைவின்றியும் இருத்தல் வேண்டும். கடன் இல்லை, ரொக்கமே. முதலுக்கு வரையறுத்த வட்டி மட்டும் தந்து, மிஞ்சும் லாபத்தை அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பின், மிச்சத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் அங்கத்தினர் கல்விக்கென்றே ஒதுக்கினர். கடைக்கு மேலே படிப்பகம் நடத்திய மளிகைக் கடையை அதற்கு முன் யார் கண்டார்கள்? 28 பேரோடு தொடங்கிய சங்கத்தில் 1860இல் 3,400க்கு மேற்பட்ட அங்கத்தினர் இருந்தனர்.

நுகர்வோருக்கு வழி பிறந்தது, உழவருக்கு? அவருக்கு ரொக்கம் போதாது. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே கடன் வேண்டும். அதற்கு வழி கண்டவர் ஜெர்மனியின் பிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் (1818-1888). 1846-47ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது சில கிராமங்களுக்குத் தலைவராக இருந்த அவர், வசதியுள்ளவர்களிடம் பொருள் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். தருமம் அன்றைய பசியைத் தீர்க்குமேயன்றி ஊரைத் தூக்கி நிறுத்தாது என்பதைப் பின்னர் அனுபவத்தில் உணர்ந்தார். 1864இல் ஹெடெஸ்டார்ஃப் என்னும் ஊரில் அவர் அமைத்த கடன் சங்கம் வேறு வகையானது. ஒருவரையொருவர் அறிந்த சிற்றெல்லைக்குள்ளே சங்கம்; ஒருவர் கடனுக்கு அனைவரும் பொறுப்பு; நிர்வாகிகளுக்குச் சம்பளமில்லை; பயன் தரும் காரியத்துக்கே கடன். அடமானம் வைக்க நிலமில்லாதவனுக்கும் அண்டை வீட்டாரின் நம்பிக்கையே அடமானமாயிற்று. கண் பார்வை மங்கிய நிலையிலும் அவர் இந்தப் பணியை விடவில்லை.

இந்த ஒளி நம் நாட்டுக்கு வந்தது சென்னை மாகாணத்தின் வழியாகத்தான் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. 1892இல் மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை, உழவர் கடனுக்கு வழி காணுமாறு பணித்தது. அவர் ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்தார். நம் ஊர்களில் வழங்கிய நிதிகளையும் ஆராய்ந்தார். 1895லும் 1897லும் வெளிவந்த அவருடைய விரிவான அறிக்கையின் சாரம், சட்டத்தைக் காட்டிலும் ஒரு ரைஃபைசனைத் தேடிப் பிடிப்பதே முதற் காரியம் என்பதாகும். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கமும் தோன்றின. 1935இல் கைத்தறி நெசவாளர் சங்கங்களுக்கென மாகாண அளவில் தலைமைச் சங்கம் அமைந்தது. அதுவே இன்று நாம் அறிந்த கோ-ஆப்டெக்ஸ். 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்துக் குடியானவர்கள், தமக்கு உரிய விலை தராதவருக்குப் பால் ஊற்ற மறுத்துச் சொந்தச் சங்கம் கண்டனர். திரிபுவன்தாஸ் படேல் வழிகாட்ட, 1949இல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன் அதை அமுல் என்று உலகறியச் செய்தார். குரியன் பெயர் நிலைத்தது, நிலைக்கத்தான் வேண்டும். ஆனால் காலையும் மாலையும் பால் கொண்டுவந்து அளந்து ஊற்றிய குடும்பங்கள் இல்லையேல் அவர் கெட்டிக்காரத்தனம் எதன்மேல் நின்றிருக்கும்?

இவற்றையெல்லாம் இன்று எடுத்துரைக்கக் காரணம் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2012ஆம் ஆண்டையும் 2025ஆம் ஆண்டையும் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாகக் கொண்டாடியது. நவம்பர் மாதந்தோறும் நாமும் கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். கொடி ஏறுகிறது, படங்களுக்கு மாலை விழுகிறது. ஆனால் சங்கம் யாருடையது என்று கேட்டால் "சர்க்காருடையது" என்று விடை சொல்லும் அங்கத்தினர் எத்தனை பேர்! கடன் வாங்கும்போது ஒரு முறையும் நகையை மீட்கும்போது ஒரு முறையும் படியேறினால் போதும் என்றிருந்தால், அது சங்கமன்று. கடன் கொடுக்கும் கச்சேரி. 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன்களைத் தள்ளுபடி செய்தது. மழை பொய்த்து நொந்த குடியானவர்க்கு அது ஆறுதல் என்பதை மறுப்பாரில்லை. எனினும், அடுத்த தள்ளுபடி எப்போது என்று காத்திருந்து, கட்ட வசதி இருந்தும் கட்டாமலிருப்பது, ரைஃபைசன் வகுத்த நம்பிக்கையின் வேரில் வெந்நீர் ஊற்றுவதாகும். தவணையை ஒழுங்காகக் கட்டிய அண்டை வீட்டார் அதைக் கண்டு என்ன பாடம் படிப்பார்?

மற்றொரு குறையும் உண்டு. "மணிலா மூட்டையைக் கொண்டு போனால் வியாபாரி கையோடு பணம் எண்ணிக் கொடுக்கிறார், சங்கத்தின் மூலம் விற்றால் நாளாகிறது" என்பர் நம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் குடியானவர். "நெய்த சேலைக்குக் கூலி வரத் தாமதமாகிறது, வெளியில் நூல் வாங்கி நெய்தால் அன்றைக்கே காசு" என்பர் தறிக்காரர். இக்குறையைத் தட்டிக் கழிக்கலாகாது. அடுப்பு எரிய வேண்டியவனுக்குத் தத்துவம் மட்டும் போதாது. ஆயினும், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் டீக்கடைத் திண்ணையன்று, பேரவைக் கூட்டம். வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் அங்கே வாசிக்கும்போது இருந்து கேட்பவருக்கே, தாமதம் எங்கே நேர்ந்தது என்று வினவும் உரிமை உண்டு. வினவினால் நிர்வாகக் குழு விடை சொல்லித் தீர வேண்டும். வராதவர் தம் ஒரு வாக்கைத் தாமே கைவிட்டவராகிறார். ராச்டேல் ஏழைகள் அரும்பாடுபட்டு ஏற்படுத்திய அந்த ஒரு வாக்கு, நம்மிடம் வெறும் காகிதத்தில் தூங்கலாமா?

"அவர்கள் மகான்கள், நாம் சாமானியர்" என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியன்று. அந்த 28 பேரும் நம்மைப் போலவே கூலிக்கும் கடனுக்கும் அஞ்சி வாழ்ந்தவர்கள். தீபத் திருவிழாவில் தேர் அசைவது வடம் பிடித்த அத்தனை கைகளால். அவர்களில் எவர் பெயரும் கல்லில் பொறிக்கப்படுவதில்லை. எனினும் கைகள் விலகினால் தேர் தெருவிலேயே நின்றுவிடும்.

ஆகையால் மூன்று காரியங்களை நம் சங்கத்தார் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். ஆண்டறிக்கையை அச்சடித்து அடுக்கி வைப்பதோடு நில்லாமல், எல்லோருக்கும் விளங்கும் தமிழில் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுக. கூட்டுறவுக் கல்விக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைச் சங்கக் கட்டடத்திலேயே ஒரு படிப்பகத்துக்குச் செலவிடுக. பிள்ளைகள் நெப்போலியனைப் படிக்கும் இடத்திலேயே ஹோவார்த்தையும் ரைஃபைசனையும் படிக்கட்டும். மூன்றாவது, வீட்டுக்கு ஒருவராவது பேரவைக் கூட்டத்துக்கு வருக. தறியில் பாதி வேலை செய்யும் பெண்களும் அங்கத்தினராகி வருக. வரும்போது கையில் ஒரு கேள்வியும் கொண்டு வருக.