மாயாவிக்குக் கை கொடுத்தவர் யார்?

ராமநாதபுரத்தில் நாற்பது வயது தாண்டிய காமிக்ஸ் ரசிகர் யாரிடமாவது இரும்புக்கை மாயாவியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோய் இரும்புக் கை மட்டும் காற்றில் மிதப்பதை நடித்தே காட்டுவார். எழுதியது யார் என்று கேளுங்கள். "முத்து காமிக்ஸ்" என்பார். அது பதிப்பகத்தின் பெயர் சார். கணேஷ்-வசந்த் கதைகளை எழுதியது யார் என்று கேட்டால் யாராவது "குமுதம்" என்று சொல்வார்களா?

இந்த மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே வெட்கப்படலாம். 1972-இல் முத்து காமிக்ஸ் மாயாவியோடு தொடங்கியபோதும், 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தபோதும் சிவகாசி இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1985-இல்தான் பிரிந்தது. பழம்பெருமை பேசுகிறவர்கள் அதன் பாதியை மட்டும் பேசுகிறார்கள்.

லண்டன் வார இதழான 'வேலியண்ட்'டில் 1962-இல் மாயாவியைத் தொடங்கிவைத்தவர் கென் பல்மர். பிறகு நெடுங்காலம் எழுதியவர் டாம் டல்லி. இவர்கள் பெயரை அந்தக் காலத்து லண்டன் இதழ்களே அச்சிடவில்லை, ஆகவே சிவகாசியைக் குறை சொல்ல மாட்டேன். என் புகார் இன்றைய சேகரிப்பாளர்கள் மீது. எந்த இதழ் எந்த ஆண்டு வந்தது, விலை ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா, அட்டை கிழிந்ததா இல்லையா, எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. எழுதியவன் பெயர் மட்டும் இல்லை. நான் வேலை பார்க்கும் துறையில் மூன்று வரி நிரலைத் திருத்தினாலும் திருத்தியவர் பெயர் பதிவாகும். ஏதாவது உடைந்தால் திட்டுவதற்காவது ஆள் தெரியும்.

"கூலிக்கு எழுதினவங்கதானே, ஹீரோதான முக்கியம்?" என்பார்கள். சரி, ஸ்பைடரை எடுத்துக்கொள்வோம். நம்ம கூர்மண்டையர், குற்றச் சக்கரவர்த்தி. 1965-இல் தொடங்கிவைத்தவர் டெட் கோவன். சில கதைகளுக்குள் பேனா ஜெர்ரி சீகல் கைக்குப் போனது. ஆமாம், அதே சீகல்தான். ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்து, 1938-இல் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு விற்றவர். வழக்குப் போட்டுத் தோற்று, கடைசியில் பெயரே போடாத ஒரு பிரிட்டிஷ் இதழுக்கு வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தார். 1975-இல்தான் சூப்பர்மேனில் அவருக்குப் பெயரும் ஆண்டுத் தொகையும் கிடைத்தன.

இது தெரிந்த பிறகு ஸ்பைடரைத் திரும்பப் படித்தால் வேறு கதையாகத் தெரிகிறது. சூப்பர்மேனுக்குக் கூச்ச சுபாவமுள்ள கிளார்க் கென்ட் உண்டு. ஸ்பைடருக்கு அப்படி யாரும் இல்லை. வீடு, காதலி, ஆபீஸ் எதுவும் கிடையாது. வாயைத் திறந்தால் தற்பெருமை. சிறுவயதில் அதைச் சிரித்துக்கொண்டே படித்தோம். தன் பெயரைப் பறிகொடுத்த ஒருவர், தன் பெயரைத் தானே முழங்கிக்கொண்டு திரியும் நாயகனை எழுதியிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. சீகல் இப்படி யோசித்திருக்கவே மாட்டார் என்று வாதிடலாம். வாதிடுங்கள், அதற்காகவாவது அவர் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரே எழுத்தாளர் ஒரே நாயகனோடு ஆண்டுக்கணக்கில் இருப்பதை அமெரிக்க ரசிகர்கள் 'ரன்' என்கிறார்கள், கிரிக்கெட் மாதிரி. கிறிஸ் கிளேர்மாண்ட் 1975 முதல் 1991 வரை எக்ஸ்-மென் எழுதினார். அதையெல்லாம் சாப்பிட்டுவிடும் கணக்கு லீ ஃபாக்கினுடையது. ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியாக வந்தாரே, அந்த ஃபேண்டமை 1936 முதல் 1999-இல் சாகும்வரை எழுதினார். 63 வருஷம். டயானாவைக் கைப்பிடிக்க அந்த மாயாவி 1977 வரை காத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு எழுத்தாளர் மாறும் தொடரில் இவ்வளவு நீண்ட காத்திருப்பு சாத்தியமே இல்லை. அடுத்து வருகிறவர் முதல் வேலையாகத் தாலி கட்ட வைத்திருப்பார், இல்லை டயானாவைக் கொன்றிருப்பார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் கிடைத்த வரிசையில் படித்த எனக்கு ஒரு வாரம் அவர் பிரம்மச்சாரி, மறுவாரம் இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்பா. குழப்பமாக இருந்தது. அந்த இரண்டு புத்தகங்களுக்கு நடுவே ஒரே மனிதர் கிழவராகிக்கொண்டிருந்தார் என்று சொல்ல ஆள் இல்லை.

அடுத்த முறை பழைய ஸ்பைடர் இதழைக் காட்டி யாராவது ஆயிரங்களில் விலை சொன்னால், கோவன் எழுதியதா சீகல் எழுதியதா என்று கேளுங்கள். விழித்தால் பாதி விலைக்குக் கேளுங்கள்.